வட்டத்துக்கு வெளியே யாரும் நிற்க வேண்டாம்

(பேராதனையில் திருச்சபை வாலிபர் பொறுப்பாளர்கள் மத்தியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாலிபர் கூடுகைகளில் என்னென்ன குழு விளையாட்டுகளை வைக்கலாம் என்று சொல்லித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். சொல்லத்தான் போகிறேன். ஆனால் பேராதனையில் நின்று விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் வேறொன்றைப் பேசியாக வேண்டும். அது பகிடிவதை.

1997ஆம் ஆண்டு இங்குள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்கு வந்த தமிழ் மாணவர் ஒருவர், மூத்த மாணவர்கள் செய்வித்த கடுமையான உடற்பயிற்சிகளுக்குப் பின் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார். 1975இல் இதே வளாகத்தில் ஒரு மாணவி பகிடிவதைக்குத் தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்து, எழுந்து நடக்க முடியாதவரானார். 1998இல் பாராளுமன்றம் 20ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றிப் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்துவிட்டது, வழக்கம் முற்றாகப் போய்விடவில்லை. செய்கிறவர்களைக் கேட்டால், ‘சும்மா விளையாட்டுக்குத்தான்’ என்பார்கள்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? வாரம் முழுவதும் விடுதியில் தலைகுனிந்து நடந்த முதலாம் ஆண்டுப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை உங்கள் மண்டபத்துக்கு வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ, மட்டக்களப்பிலிருந்தோ, ஒரு தோட்டத்து லயத்திலிருந்தோ வந்த பிள்ளை. ஒருவரையும் தெரியாது. நீங்கள் அன்பாக வரவேற்று ஒரு விளையாட்டில் சேர்த்துக்கொள்கிறீர்கள். பிள்ளை தோற்றுப்போகிறது. உடனே நடுவே வரச்சொல்லி, ‘தோற்றவருக்குத் தண்டனை, ஒரு பாட்டுப் பாடு, இல்லையென்றால் தவளைபோலத் தாவு’ என்கிறோம். எல்லோரும் கைதட்டிச் சிரிக்கிறோம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு விடுதி முற்றத்துக்கும் ஆலய மண்டபத்துக்கும் என்ன வேறுபாடு தெரிந்திருக்கும்? நடுவில் தனியே ஒருவர், சுற்றிலும் சிரிக்கும் கூட்டம். இரண்டு இடத்திலும் காட்சி ஒன்றுதான்.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: தோற்றவருக்குத் தண்டனை என்பதை உங்கள் நிகழ்ச்சி நிரலிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒருவரைப் பலர் பார்த்துச் சிரிப்பதில்தான் சுவை என்று இருக்கும் எந்த விளையாட்டும் திருச்சபைக்கு வேண்டாம். கண்ணைக் கட்டிவிட்டு முகத்தில் மாப்பூசுவது, காதலிக்கும் ஆளின் பெயரைச் சொல்லவைப்பது, உடல் பருமனையோ நிறத்தையோ பேச்சு வழக்கையோ வைத்துப் பகிடி பண்ணுவது, இவை எல்லாம் இதற்குள் அடங்கும்.

விளையாட்டையே விட்டுவிடலாமே என்று சில மூத்தவர்கள் கேட்பதுண்டு. ஆலயத்தில் ஜெபமும் வேதபாடமும் போதும், விளையாட மைதானம் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். அவர்கள் கவலையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. சிறையிருப்பிலிருந்து மீண்டு வந்த மக்களுக்கு எருசலேமின் வருங்காலத்தைக் காட்டும் சகரியா தீர்க்கதரிசி, எட்டாம் அதிகாரத்தில், வயதானவர்கள் கோலூன்றித் தெருவோரம் அமர்ந்திருப்பதையும், அதே தெருக்களில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் விளையாடுவதையுமே அடையாளமாகக் காட்டுகிறார். பயமில்லாத ஊரில்தான் பிள்ளைகள் தெருவில் விளையாடுவார்கள். போரைக் கண்ட நாட்டில் இதை விளக்கத் தேவையில்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டுத் தாக்குதலில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர். அதற்குப் பிறகு எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளை ஆலயத்துக்கு அனுப்பவே தயங்கினார்கள். அந்தப் பிள்ளைகளின் வயதொத்தவர்கள் இன்று வாலிபர் கூடுகைக்கு வருகிறார்கள். அவர்கள் ஆலய வளவில் ஓடி விளையாடுவது வேதபாடத்துக்கு முன் நேரம் போக்கும் வேலை என்று என்னால் நினைக்க முடியாது.

கிறிஸ்தவ வாலிபர் அமைப்புகள் உலகுக்குக் கொடுத்த விளையாட்டுகளைப் பாருங்கள். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகர வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அவர் இறையியல் படித்தவர். குளிர்காலத்தில் வெளியே போக முடியாமல் அடைபட்டு முரண்டுபிடித்த ஒரு வகுப்பை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். மோதி விழுத்தாமல் விளையாட ஏதாவது வேண்டும் என்று யோசித்தார். பந்தோடு ஓடக்கூடாது என்று விதித்தார். ஓடாதவனை யாரும் பாய்ந்து பிடிக்கத் தேவையில்லை. இலக்கைத் தலைக்கு மேலே வைத்தார். அப்போது பந்தை மூர்க்கமாக எறிந்து பயனில்லை, மெதுவாக வளைத்துப் போட வேண்டும். பீச் பழக் கூடைகள் இரண்டு, விதிகள் பதின்மூன்று. அவ்வளவுதான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1895இல், ஹோலியோக் வை.எம்.சி.ஏ.யில் வில்லியம் மோர்கன் கரப்பந்தாட்டத்தை அமைத்தார். கூடைப்பந்து சற்று வயது சென்றவர்களுக்குக் கடினமாக இருந்தது. அவர்களும் விளையாட வேண்டும் என்பதற்காக இரு அணிக்கும் நடுவே வலையைக் கட்டினார். அந்த ஆட்டம் 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக இலங்கைக்கு வந்தது. 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. இன்று மலையகத்துத் தோட்டங்களிலும் வடக்கின் கிராமங்களிலும் மாலையில் வலை கட்டி ஆடும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு, இது ஒரு கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் பிறந்த ஆட்டம் என்று தெரியும்?

இந்த இரண்டு மனிதர்களும் எங்கே தொடங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். தங்கள் முன்னே இருப்பவர்களில் யாருக்கு அடிபடும், யார் சேர முடியாமல் நிற்பார் என்று பார்த்துத்தான் விதிகளை எழுதினார்கள். நாமோ கைக்கு வந்த விளையாட்டை அப்படியே எடுத்து நடத்திவிட்டு, சேராத பிள்ளையை ‘கூச்ச சுபாவம்’ என்று சொல்லிவிடுகிறோம்.

சங்கீதக் கதிரையை எடுத்துக்கொள்வோம். நத்தார் ஒன்றுகூடல் முதல் சித்திரைப் புத்தாண்டு விழாவரை நம் நாட்டில் அது இல்லாத நிகழ்ச்சியே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் வெளியேறுகிறார். முதலில் வெளியேறுவது பெரும்பாலும் யார்? வேகமில்லாதவர், இடித்துக்கொண்டு உட்காரக் கூச்சப்படுபவர், புதிதாக வந்தவர். யாரைச் சேர்த்துக்கொள்ள விளையாட்டு வைத்தோமோ அவரே முதல் நிமிடத்தில் சுவரோரம் போய்விடுகிறார். அடுத்த பத்து நிமிடம் பார்வையாளர். கனடாவைச் சேர்ந்த டெரி ஓர்லிக் 1970களில் கூட்டுறவு விளையாட்டுகளைத் தொகுத்தபோது இதற்கு ஒரு மாற்றுச் செய்து காட்டினார்: கதிரையை எடுங்கள், ஆளை எடுக்காதீர்கள். கதிரைகள் குறையக் குறைய எல்லோரும் மிஞ்சியவற்றில் எப்படியாவது இடம்பிடிக்க வேண்டும். கடைசியில் எல்லோரும் வெல்வார்கள், அல்லது எல்லோரும் சேர்ந்து சரிவார்கள்.

நம் சூழலில் இதை அப்படியே செய்ய முடியாது. ஆணும் பெண்ணும் ஒரு கதிரையில் நெருக்கியடித்து உட்காருவது நமக்கு ஒத்துவராது. அதற்காக விளையாட்டைக் கைவிடவும் வேண்டியதில்லை. கதிரைக்குப் பதிலாகத் தரையில் கயிற்று வளையங்களைப் போடுங்கள். பாட்டு நின்றதும் ஒவ்வொருவரின் ஒரு பாதமாவது ஏதேனும் ஒரு வளையத்துக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வளையத்தை எடுங்கள், கடைசி வளையம் பெரிதாக இருக்கட்டும். ‘தம்பி, உன் காலைக் கொஞ்சம் ஒதுக்கு, அக்காவுக்கு இடம் விடு’ என்று அவர்களே பேசத் தொடங்குவார்கள். வாயே திறக்காத பிள்ளையும் அங்கே பேசும். நான் பார்த்திருக்கிறேன்.

போட்டியே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். பதினெட்டு வயதுப் பையனுக்குக் கரப்பந்து வேண்டும், கிரிக்கெட் வேண்டும், வெல்ல வேண்டும். ஆனால் போட்டி ஒரு குழுவை என்ன செய்யும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. 1954இல் முசாபர் ஷெரிஃப் என்ற உளவியல் அறிஞர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 22 சிறுவர்களை முகாமுக்கு அழைத்துச் சென்று இரண்டு அணியாகப் பிரித்தார். கயிறிழுத்தல் உட்பட வரிசையாகப் போட்டிகள், பரிசுகள். சில நாட்களுக்குள் ஒரு அணி மற்ற அணியின் கொடியை எரித்தது, தங்குமிடத்தைச் சூறையாடியது. பிறகு இரு அணியையும் ஒன்றாக இருத்திச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். சாப்பாட்டை எறிந்து சண்டை பிடித்தார்கள். சேர்ந்து செய்தாக வேண்டிய வேலைகள் வந்தபோதுதான் பகை இறங்கியது. குடிநீர் வரவில்லை, இருவரும் சேர்ந்து காரணத்தைத் தேட வேண்டியிருந்தது. சாப்பாடு கொண்டுவரும் வாகனம் நின்றுவிட்டது, இருவரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. இழுக்கப் பயன்பட்டது எந்தக் கயிறு தெரியுமா? முன்னே ஒருவரை எதிர்த்து ஒருவர் இழுத்த அதே கயிறு.

அந்த ஆய்வு சிறுவர்களை நடத்திய முறை பற்றிப் பின்னாளில் கண்டனங்கள் எழுந்தன, அவை நியாயமானவை. ஆனாலும் வாலிபர் முகாம் நடத்துகிறவர்கள் இந்தச் செய்தியை மறக்கக்கூடாது. மூன்று நாள் முகாமில் பிள்ளைகளை நீலம், சிவப்பு என்று பிரித்து மூன்று நாளும் புள்ளி போட்டுக்கொண்டிருந்தால் கடைசி நாள் ஐக்கிய ஆராதனையில் மனத்தாங்கலோடுதான் நிற்பார்கள். தினமும் அணிகளைக் கலையுங்கள். ஊர் வாரியாக, மொழி வாரியாக அணி பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

மொழி என்றதும் நம் இடத்துக்கே உரிய காரியத்துக்கு வருகிறேன். கண்டி, பேராதனைப் பக்கத்துச் சபைகளில் சிங்களம் பேசும் பிள்ளையும் தமிழ் பேசும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் வருவது புதிதல்ல. இங்கிருந்து சற்றுத் தொலைவில், பிலிமத்தலாவையில், 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியில் இரு மொழியிலும் படிக்கும் மாணவர்கள் ஒரே வளாகத்தில் வாழ்கிறார்கள். ஆனால் வாலிபர் கூடுகையில் நடப்பது என்ன? வினாவிடை தமிழில் என்றால் சிங்களப் பிள்ளை ஒதுங்குகிறது, சிங்களத்தில் என்றால் தோட்டத்துப் பிள்ளை ஒதுங்குகிறது, ஆங்கிலத்தில் என்றால் இருவரும் ஒதுங்கி நகரப் பாடசாலைப் பிள்ளைகள் மட்டும் ஆடுகிறார்கள். சிங்களத்தையும் தமிழையும் தள்ளிவைத்து ஆங்கிலத்தைப் பொது மொழி என்று எடுப்பது சமத்துவம் அல்ல என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வாய் பேசாமல் ஆடும் விளையாட்டுகளில் தொடங்குங்கள். பிறந்த மாதம், திகதி வரிசைப்படி எல்லோரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், யாரும் பேசக்கூடாது. விரலைக் காட்டி, தலையை ஆட்டி, ஆளை இழுத்து நிறுத்திச் சரிசெய்வார்கள். முடிந்ததும் வரிசையின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொருவராகத் தங்கள் மொழியில் திகதியைச் சொல்ல வேண்டும். மற்ற மொழியில் மாதப் பெயர்களும் எண்களும் அப்போதே காதில் ஏறிவிடும். இன்னொன்று கை முடிச்சு. எட்டுப் பத்துப் பேர் வட்டமாக நின்று, எதிரே நிற்கும் இருவரின் கையை ஒவ்வொரு கையாலும் பிடித்துக்கொண்டு, கையை விடாமல் சிக்கலை அவிழ்க்க வேண்டும். கைபிடிக்கக் கூச்சமென்றால் ஆளுக்கொரு கைக்குட்டை கொடுத்து அதன் இரு நுனிகளைப் பிடிக்கச் சொல்லுங்கள். சில வேளை ஒரு வட்டத்துக்குப் பதிலாக இரண்டு வட்டமாகப் பிரிந்துவிடும், அதுவும் சரியான முடிவுதான்.

மைதானம் கிடைக்கும் நாளில் கிளித்தட்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இது இரத்தத்தில் ஊறிய ஆட்டம். தரையில் பெட்டி பெட்டியாகக் கோடு கீற வேண்டும். ஒரு அணியினர் குறுக்குக் கோடுகளில் நின்று மறிப்பார்கள், கிளியாக நிற்பவர் நடுக்கோட்டிலும் ஓடி அடிக்க வருவார், மற்ற அணி அடிபடாமல் கடைசிப் பெட்டிவரை போய்த் திரும்பி வர வேண்டும். ஒரு சுண்ணாம்புப் பொட்டலம் போதும், வேறு செலவில்லை. தமிழ்நாட்டில் தாச்சி என்று இதையே ஆடுகிறார்கள். வடக்கிலிருந்து வந்த பிள்ளை கண்டிப் பிள்ளைக்கு இதைக் கற்றுக்கொடுக்கட்டும். பதிலுக்குச் சிங்களப் பிள்ளைகள் எல்லே சொல்லிக்கொடுக்கட்டும், மூங்கில் துடுப்பும் ஒரு பந்தும் இருந்தால் ஆடலாம். வாரம் ஒருவர் தம் ஊர் விளையாட்டை மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கு வைத்துப் பாருங்கள். வகுப்பில் ஒன்றும் பேசாத பிள்ளை அன்றைக்கு ஆசிரியராக நிற்கும்.

இந்தப் பகுதியில் பிற்பகலானால் மழை வந்துவிடும். மண்டபத்துக்குள் செய்ய ஏதாவது எப்போதும் கையில் இருக்க வேண்டும். அதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது நடிப்பு. பேராதனைக்கு இதில் பெரிய மரபு இருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்த வளாகத்துத் தமிழ் மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ போன்ற கூத்துகளை மேடையேற்றினார். மட்டக்களப்புக் கிராமத்து அண்ணாவிமாரின் ஆட்டத்தைப் பல்கலைக்கழக மாணவர்கள் வட்டமாக நின்று அடி அடியாகப் பழகினார்கள். அதே காலத்தில் அவர் மன்னார்க் கத்தோலிக்க மக்களின் கூத்துகளையும் பதிப்பித்தார். இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் பல தலைமுறையாக இரவிரவாகச் சேர்ந்து செய்த குழுச் செயற்பாடு கூத்துத்தான். யாழ்ப்பாணத்தில் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அந்த வழியிலேயே வளர்ந்தது. வெளிநாட்டு விளையாட்டுப் புத்தகத்தைத் தேடுமுன் நம் வீட்டில் இருப்பதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

முழுக் கூத்து வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு அடங்கும் வடிவம் இருக்கிறது. ஐந்தாறு பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேதாகமச் சம்பவம். அதை அசையாமல் நிற்கும் மூன்று காட்சிகளாக உடலால் காட்ட வேண்டும், பேச்சு இல்லை. மற்றவர்கள் என்ன சம்பவம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த சுற்றில் அதே சம்பவத்தை நம் ஊருக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவன் கடுகண்ணாவைக் கணவாய் வளைவில் கிடந்தால் யார் யார் கடந்து போவார்கள்? நின்று தூக்குகிறவர் யாராக இருந்தால் நமக்கு அதிர்ச்சியாக இருக்கும்? இந்தக் கேள்விக்கு ஒரு சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் அயலவரை நினைத்து ஒரே பதிலைச் சொன்னால், அதன்பின் எழும் மௌனத்துக்குள் போதகர் அவசரப்பட்டுப் பிரசங்கம் சேர்க்காமல் இருப்பது நல்லது. பிள்ளைகள் பேசட்டும்.

வேதாகம வினாவிடையையும் விட்டுவிட வேண்டாம், முறையை மாற்றுங்கள். மனப்பாடக்காரர் இருவர் முழுப் போட்டியையும் கொண்டுபோய்விடுகிறார்கள். புத்தகத்தைத் திறந்துவைத்து, குழுவாகத் தேடிக் கண்டுபிடிக்கும் கேள்விகளாகக் கொடுங்கள்.

வெளியே போக ஒரு நாள் கிடைத்தால் பேராதனைத் தாவரவியற் பூங்காவைப்போல இடம் வேறு எங்கே இருக்கிறது? 1821இல் தொடங்கிய பூங்கா, மூன்று பக்கம் மகாவலி. குறிப்புச் சீட்டுகளை எழுதி, குழுக் குழுவாகத் தேடவிடுங்கள்: பிற்காலத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரான இளவரசரும் துணைவியாரும் 1901இல் நட்ட நாகலிங்க மரம், பரந்து கிடக்கும் யாவா அத்தி, மூங்கில் புதர்கள், பனை வரிசை. மலைநாட்டுக் குளிரில் பனையைக் கண்டதும் வடக்குப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பூவோ இலையோ பறிக்கக்கூடாது, ஒலிபெருக்கி கூடாது, மற்ற மக்களுக்கு இடைஞ்சல் கூடாது. ஆற்றோரத்தில் எந்த விளையாட்டும் வேண்டாம். மகாவலி அமைதியாகத் தெரியும், அடியில் இழுவை பலமாக இருக்கும்.

பாதுகாப்பைப் பற்றி இன்னும் சில வார்த்தை. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் இருந்தால் பெரியவர் இருவராவது கண் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வெளியே போவதற்குப் பெற்றோரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். முதலுதவிப் பெட்டி வேண்டும். உடற்குறை உள்ள பிள்ளை ஒன்று இருந்தால், விளையாட்டைத் தீர்மானிக்குமுன் அந்தப் பிள்ளையோடு பேசுங்கள். புள்ளி எழுதும் வேலையைக் கொடுத்து ஒதுக்கிவிடாதீர்கள். ‘நான் இன்றைக்கு ஆடவில்லை’ என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு, ஏன் என்று கேட்க வேண்டாம். பகிடிவதையில் இல்லாத உரிமை அதுதான்.

விளையாட்டு முடிந்ததும் பிளேன்டீயும் பணிஸும் கொடுத்துவிட்டு உடனே கலைந்துவிடாதீர்கள். ஒரு கால் மணி நேரம் சும்மா இருந்து பேசவிடுங்கள். நட்பு பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் ஏற்படுகிறது. நேரம் போய்விட்டதென்றால் விளையாட்டில் ஒன்றைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கூடுகைக்கான விளையாட்டைத் தெரிவு செய்யும் பொறுப்பை, உங்கள் குழுவில் மிகக் குறைவாகப் பேசும் பிள்ளையிடம் இந்த வாரமே கொடுங்கள். அவர் எதைத் தெரிவு செய்தாலும், விதிகளை அவர் வாயால் கேட்டு, அவர் சொன்னபடியே முழுமனதோடு ஆடுங்கள்.